அப்பாதான் டிரைவர்: டாஸ்மேனியா ஒயின் பயணமும் வாடகைக் கார் ஒப்பந்தமும்

கேள்வி (தக்கலையிலிருந்து ஒரு வாசகர்): நானும் மனைவியும் வரும் மார்ச்சில் மெல்போர்னில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறோம். அங்கிருந்து எல்லோருமாகத் தெற்கே இருக்கும் டாஸ்மேனியா தீவுக்குப் போய், வாடகைக் காரில் நாலு நாள் ஒயின் தோட்டங்களைச் சுற்றலாம் என்பது மருமகனின் திட்டம். எங்கள் இருவருக்கும் குடிப் பழக்கம் கிடையாது. "குடிக்காத ஆள் நீங்கதான், அதனால நீங்கதான் டிரைவர் அப்பா" என்கிறாள் மகள். எனக்கு வயது 63, கார் நன்றாக ஓட்டுவேன். நாலு வயதுப் பேரனும் கூட வருகிறான். இங்கே ஒரு டிராவல்ஸ்காரர், நாளைக்கு ஐந்து தோட்டம் காட்டும் தொகுப்பு ஒன்றைச் சொல்கிறார். அதை வாங்கலாமா, நாமே பார்த்துக்கொள்ளலாமா, அண்ணாச்சி?

பதில்: மகள் சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள். எந்தத் தோட்டம், எந்த ஒயின் என்பதையெல்லாம் அப்புறம் பேசிக்கொள்ளலாம். ஸ்டீரிங்கைப் பிடிப்பது யார் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். ஒரு பாட்டில் சரியில்லாமல் போனால் நாற்பது, ஐம்பது டாலரோடு போய்விடும். கார் ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்து போட்டால் போவது ஆயிரக்கணக்கில்.

ஆஸ்திரேலியாவில் முழு உரிமம் உள்ளவருக்கு ரத்தத்தில் ஆல்கஹால் 0.05 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். நம் ஊர் வரம்பு 0.03 என்பதால் அது தாராளம் போலத் தெரியும். ஆனால் அங்கே போலீஸ் எந்தச் சாலையிலும், எந்தக் காரணமும் சொல்லாமல் நிறுத்தி ஊதச் சொல்லலாம். மருமகன் கையில் இருப்பது 'பி' பிளேட் உரிமமாக (புதிதாக ஓட்டுபவர்களுக்குத் தரும் தற்காலிக உரிமம்) இருந்தால் அவருக்கு வரம்பு பூஜ்யம், ஒரு மிடறுகூடக் கூடாது. இதை இன்றைக்கே போனில் கேட்டுவிடுங்கள்.

ஒயின் தோட்டத்தில் சுவை பார்க்கும் கூடத்தை அங்கே 'செல்லர் டோர்' என்பார்கள். ஒரு கிளாஸில் 20, 30 மில்லிதான் ஊற்றுவார்கள். ஐந்து வகை என்றால் 125 மில்லி. டிராவல்ஸ்காரர் சொல்வதுபோல ஐந்து இடம் போனால் 600 மில்லியைத் தாண்டிவிடும், ஏறக்குறைய ஒரு முழு பாட்டில். அதைக் குடித்தவர் ஓட்டவும் முடியாது, நாலாவது இடத்தில் ருசி பிடிபடவும் செய்யாது. மதியச் சாப்பாட்டுக்கு முன் இரண்டு, பின் ஒன்று, அவ்வளவு போதும். துப்புவதற்கென்றே ஒரு பாத்திரம் மேஜையில் இருக்கும். துப்பினால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். சுவை பார்க்கப் பல இடங்களில் கட்டணம் உண்டு, பாட்டில் வாங்கினால் அதைக் கழித்துக்கொள்வதும் உண்டு. முன்பதிவு செய்யும்போதே இரண்டையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆக, அந்தத் தொகுப்பை வாங்க வேண்டாம் என்பதுதான் என் கருத்து. இடங்களின் எண்ணிக்கையைக் காட்டி விற்கிற தொகுப்பில் பேரன் பாதி நாள் பஸ்ஸிலேயே தூங்குவான். உங்களுக்கு அந்நியச் சாலையில் ஓட்டத் தயக்கம் என்றால், டாஸ்மேனியாவின் லான்செஸ்டன் நகரத்திலிருந்தே கிளம்பும் ஒரு நாள் சிறு வேன் சுற்றுலாக்கள் இருக்கின்றன. தோட்டத்துக்கென்று ஒரு நாள் அதில் போய்விட்டு, மற்ற நாட்களுக்கு மட்டும் கார் எடுக்கலாம்.

இனி கார். ஒப்பந்தத்தில் 'எக்ஸஸ்' என்று ஒரு சொல் இருக்கும். விபத்து யார் தவறாக இருந்தாலும் முதலில் உங்களிடமிருந்து பிடித்துக்கொள்ளும் தொகை அது. சில ஆயிரம் டாலர் இருப்பது சாதாரணம். கவுண்டரில் நிற்கும்போது, "நாளைக்கு இத்தனை டாலர் கூடக் கட்டினால் எக்ஸஸ் குறையும்" என்பார்கள். விமானம் இறங்கிய களைப்பில் பலரும் தலையாட்டிவிடுவார்கள். எக்ஸஸை ஈடுகட்டும் காப்பீடு தனியாகவும் கிடைக்கிறது, பயணக் காப்பீட்டிலேயே அது அடங்கியிருப்பதும் உண்டு. புறப்படும் முன்பே இரண்டு விலையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தனிக் காப்பீட்டில் ஒரு சிக்கல்: கார் நிறுவனம் முதலில் உங்கள் கார்டிலிருந்து முழுத் தொகையையும் எடுத்துக்கொள்ளும், நீங்கள் பிறகு காப்பீட்டு நிறுவனத்திடம் கேட்டு வாங்க வேண்டும்.

ஒப்பந்தத்தில் பெயர் இல்லாதவர் ஓட்டினால் காப்பீடு கிடையாது. வரம்பை மீறிக் குடித்தவர் ஓட்டினாலும் கிடையாது. தார் போடாத சாலைக்குத் தனி விதி இருக்கும், அதைத் தேடிப் படியுங்கள். டாஸ்மேனியாவில் இருட்டியதும் வாலபி (சின்னக் கங்காரு), வாம்பட் போன்ற விலங்குகள் சாலைக்கு வரும். விலங்கு மோதிய சேதத்துக்கு என்ன விதி என்பதையும் பாருங்கள். மார்ச்சில் பகல் நீளம்தான், பொழுது சாயும் முன் அறைக்குத் திரும்பிவிட்டால் அந்தக் கவலை இல்லை.

காரை எடுக்கும்போது நாலு பக்கமும், சக்கரமும், கண்ணாடியும், பெட்ரோல் முள்ளும் தெரிய வீடியோ எடுங்கள். திருப்பிக் கொடுக்கும்போதும் அப்படியே. வைப்புத் தொகைக்குக் கிரெடிட் கார்டுதான் கேட்பார்கள். புதிதாகக் கொடுக்கும் இந்தியக் கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு அடைத்தே வரும், வங்கிச் செயலியில் திறந்துவிட வேண்டும். கார்டு தேய்க்கும்போது ரூபாயா டாலரா என்று மெஷின் கேட்டால் டாலரையே தொடுங்கள். ரூபாய் என்றால் மாற்று விலையைக் கடைக்காரர் தரப்பு போடும், அது உங்களுக்கு லாபமாக இருக்காது.

பேரனுக்குச் சிறுவர் இருக்கை கட்டாயம். ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு போகும் பேச்சே அங்கே கிடையாது. கார் நிறுவனம் அதற்கு நாள் வாடகை வாங்கும். மகள் வீட்டு இருக்கையை விமானத்தில் கொண்டுபோக முடியுமா என்று பாருங்கள், பெரும்பாலும் முடியும்.

ஓட்டுவது பற்றிப் பயப்பட வேண்டாம். நம்மைப் போலவே இடது பக்கம்தான். ஆட்டோமேட்டிக் கார் கேளுங்கள். ரவுண்டானாவில் ஏற்கெனவே உள்ளே இருப்பவருக்கு வழி விட வேண்டும். ஹாரனை மறந்துவிடுங்கள் (மார்த்தாண்டம் சந்திப்பைத் தாண்டி வந்த கைக்கு இது கொஞ்சம் கஷ்டம்தான்).

பாதையையும் சொல்லிவிடுகிறேன். மெல்போர்னிலிருந்து லான்செஸ்டனுக்கு விமானத்தில் ஒரு மணி நேரம். காரோடு கப்பலில் போகலாம் என்று மருமகன் சொன்னால் இரண்டு விஷயம்: வாடகைக் காரைக் கப்பலில் ஏற்றப் பல நிறுவனங்கள் விடுவதில்லை. மேலும் 2022 அக்டோபர் முதல் கப்பல் கிளம்புவது ஜீலாங்கிலிருந்து. பழைய பயணக் குறிப்புகளில் போர்ட் மெல்போர்ன் என்றே இருக்கும், நம்பிப் போய் நிற்காதீர்கள்.

லான்செஸ்டனிலிருந்து டேமர் ஆற்றின் மேற்குக் கரை வழியாக ரோஸ்வியர்ஸ், எக்ஸிடர், பியூட்டி பாயிண்ட் வரை ஒரு நாள். பியூட்டி பாயிண்டில் கடல்குதிரைப் பண்ணையும் பிளாட்டிபஸ் காட்சியகமும் இருக்கின்றன, பேரனுக்கும் உங்கள் மனைவிக்கும் அது பிடிக்கும். இன்னொரு நாள் கிழக்கே லில்லிடேல், பைப்பர்ஸ் ரிவர் பக்கம். அந்தப் பக்கத்து லாலாவில்தான் ழான் மிகே என்ற பிரெஞ்சுக்காரர் 1956-ல் திராட்சை நட்டு, தீவில் நின்றுபோயிருந்த ஒயின் தொழிலைத் திரும்பத் தொடங்கினார். தூரமெல்லாம் நாகர்கோவில்–திருவனந்தபுரத்தைவிடக் குறைவு, நெரிசலும் இல்லை. மார்ச், ஏப்ரல் அங்கே திராட்சை பறிக்கும் காலம், தோட்டத்தில் வேலை நடப்பதையே பார்க்கலாம். காலையில் குளிரும், மனைவிக்கு ஸ்வெட்டர் எடுத்துவையுங்கள். ஈஸ்டர் விடுமுறை அந்த நாட்களில் வருகிறதா என்று பாருங்கள். விலை ஏறும், பெரிய வெள்ளியன்று பல இடங்கள் மூடியிருக்கும்.

கேள்வி (மார்த்தாண்டம் வாசகி): நாங்களும் மகனோடு அதே மாதிரி ஒரு பயணம் போகிறோம். வரும்போது ஆளுக்கு எத்தனை பாட்டில் கொண்டுவரலாம்? அங்கே கட்டிய வரி திரும்பக் கிடைக்கும் என்கிறார்களே?

பதில்: வரியில்லாமல் ஆளுக்கு 2 லிட்டர். பாட்டில் 750 மில்லி, ஆகவே இரண்டுதான். மூன்றாவதை எடுத்தால் 2.25 லிட்டர் ஆகிவிடும். "இரண்டு பேருக்கும் சேர்த்து 4 லிட்டர், ஐந்து பாட்டில் வரும்" என்று கூட்டிக் கணக்கு போடாதீர்கள், அளவு ஒவ்வொருவருக்கும் தனித்தனி. இனிப்பு ஒயின் 375 மில்லி அரைப் பாட்டிலில் வரும். இரண்டு முழு பாட்டிலோடு அதில் ஒன்று சேர்த்தால் 1.875 லிட்டர், வரம்புக்குள் அடங்கும்.

அந்த இனிப்பு வகையை நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் ஊரில் கிறிஸ்மஸுக்குப் பரணியில் போட்டு எடுக்கும் ஒயினில் சர்க்கரை தாராளம். குளிர்ப் பகுதியில் திராட்சை மெதுவாகப் பழுப்பதால் புளிப்பு இறங்காமல் நிற்கும். டாஸ்மேனியாவின் பெருமையே அந்தப் புளிப்பை நம்பிச் செய்யும் நுரை ஒயினும் பினோ நுவார் என்ற சிவப்பு ஒயினும்தான். வீட்டு ஒயின் பழகிய நாக்கு முதல் மிடறிலேயே "என்ன இது, இப்படிப் புளிக்கு!" என்று கேட்கும். பெயரையும் பதக்கத்தையும் பார்த்து வாங்காமல், சுவை பார்த்த பிறகு வாங்குங்கள். இனிப்புதான் வேண்டும் என்றால் 'ஸ்டிக்கி' இருக்கிறதா என்று கேளுங்கள், அவர்களுக்குப் புரியும்.

வரி திரும்பக் கிடைப்பது உண்மை. புறப்படுவதற்கு 60 நாட்களுக்குள், ஒரே வணிகரிடம் 300 ஆஸ்திரேலிய டாலருக்குக் குறையாமல் வாங்கியிருக்க வேண்டும். ஒயினுக்கு ஜிஎஸ்டி விலையில் 11-ல் ஒரு பங்கும், ஒயின் வரி 14.5 சதவீதமும் கிடைக்கும், இரண்டும் சேர்ந்தால் ஏறக்குறைய கால் பங்கு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இரண்டு பாட்டில் கொண்டுவருகிறவருக்கு 300 டாலர் எட்ட, பாட்டில் 150 டாலர் ஆக வேண்டும். வரி திரும்புகிறதே என்று விலை உயர்ந்த பாட்டில் வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. அப்படியே வாங்கினாலும், பெட்டியைச் செக்-இன் செய்யும் முன் விமான நிலையத்தில் அவர்களுடைய எல்லைப் படை அலுவலகத்தில் பாட்டிலையும் ரசீதையும் காட்ட வேண்டும். பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெரிய பெட்டியில்தான் வைக்க முடியும், கைப்பையில் 100 மில்லிக்கு மேல் திரவம் போகாது. திருவனந்தபுரத்தில் இறங்கிக் களியக்காவிளை மாநில எல்லையைத் தாண்டி வரும்போது ரசீதும் போர்டிங் பாஸும் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கட்டும்.

கேள்வி (குளச்சல் வாசகர்): ஆஸ்திரேலியாவில் இருக்கும் மகனுக்குக் கருவாடும், மாங்காய் ஊறுகாயும், மட்டிப் பழமும் கொண்டுபோகலாமா?

பதில்: மட்டிப் பழத்தை மறந்துவிடுங்கள், கறிவேப்பிலையையும். மற்றவற்றை விமானத்தில் தரும் அட்டையில் 'உண்டு' என்று எழுதிக் காட்டுங்கள். காட்டினால் அதிகபட்சம் பொருளைத்தான் எடுத்துக்கொள்வார்கள். மறைத்தால் அபராதம், சில சமயம் விசாவே ரத்து. டாஸ்மேனியாவுக்குள் நுழையும்போது இன்னொரு சோதனை இருக்கிறது. மெல்போர்ன் கடையில் வாங்கிய ஆப்பிளாக இருந்தாலும் உள்ளே விட மாட்டார்கள், அதை மோப்பம் பிடிக்க நாய் நிற்கும்.

கேள்வி (நாகர்கோவில் வாசகர்): பத்து ஆண்டு செல்லும் 'சர்வதேச ஓட்டுநர் உரிமம்' என்று ஒரு இணையதளம் விற்கிறது. வாங்கலாமா?

பதில்: வேண்டாம். இந்தியாவில் அதைக் கொடுப்பது ஆர்டிஓ அலுவலகம் மட்டும்தான், அதிகபட்சம் ஓர் ஆண்டு செல்லும். உங்களுக்கு நாகர்கோவில், மேற்குப் பக்கத்தவர்களுக்கு மார்த்தாண்டம். அரசின் பரிவாஹன் இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். கட்டணம் 1,000 ரூபாய், பாஸ்போர்ட்டும் விசாவும் நடப்பு உரிமமும் வேண்டும். அங்கே ஓட்டும்போது உங்கள் அசல் உரிமத்தையும் சேர்த்துக் காட்ட வேண்டும், சர்வதேச உரிமம் மட்டும் போதாது. ஏற்கெனவே அந்தத் தளத்தில் பணம் கட்டிவிட்டீர்கள் என்றால் முதலில் வங்கியில் கார்டு தகராறாகப் பதிவு செய்யுங்கள், பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள். விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும், 2019-ம் ஆண்டு நுகர்வோர் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே, அதாவது நாகர்கோவில் நுகர்வோர் ஆணையத்திலேயே, இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம். நீங்கள் கட்டிய பணம் ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணமும் இல்லை.