பழைய காருக்கு, கழற்றிய எலக்ட்ரிக் ஃபேன்: கேள்வி-பதில்

கேள்வி: என் கார் கார்புரேட்டர் காலத்து வண்டி. பெல்ட்டில் சுற்றும் ஃபேன்தான் இருக்கிறது. நெரிசலில் நின்றால் டெம்பரேச்சர் முள் ஏறுகிறது. வேறு காரிலிருந்து கழற்றிய எலக்ட்ரிக் ஃபேனை காயலாங்கடையில் வாங்கிப் பொருத்தலாமா? எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: முதலில் ஒன்றைக் கவனியுங்கள். நிற்கும்போது ஏறும் முள், வண்டி ஓடத் தொடங்கியதும் இறங்குகிறதா? இறங்கினால் காற்றுதான் குறைகிறது, ஃபேன் மாற்றினால் பலன் உண்டு. 70 கி.மீ. வேகத்திலும் ஏறிக்கொண்டே போனால் குறை ஃபேனில் இல்லை, ஏனென்றால் அந்த வேகத்தில் எதிர்க்காற்றே ரேடியேட்டருக்குப் போதும். அடைத்துக்கொண்ட ரேடியேட்டர், சரியாகத் திறக்காத தெர்மோஸ்டாட் (சூட்டுக்கேற்ப தண்ணீர் வழியைத் திறக்கும் வால்வு), தேய்ந்த வாட்டர் பம்ப், உறிஞ்சலில் சப்பிப்போகும் கீழ் ஹோஸ் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். அவற்றைச் சரிசெய்யாமல் ஃபேன் வாங்குவது வீண் செலவு.

கடைக்குப் போகும் முன் மூன்று அளவு எடுங்கள்: ரேடியேட்டர் கோரின் (காற்று ஊடுருவும் குழாய்-தகடு பகுதியின்) அகலம், உயரம், கோரிலிருந்து வாட்டர் பம்ப் புல்லியின் முனை வரை உள்ள இடைவெளி. மூன்றாவதுதான் பலருக்கும் காலை வாரும். பிரேக் பிடிக்கும்போது எஞ்சின் தன் மவுண்டுகளில் முன்பக்கம் அசையும். ஃபேன் மோட்டாரின் பின்புறத்துக்கும் புல்லிக்கும் 20 முதல் 25 மி.மீ. இடமாவது மிஞ்ச வேண்டும்.

ஃபேனை மட்டும் தனியாக வாங்காதீர்கள். அதைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் கூட்டோடு, அதாவது ஷ்ரவுடோடு வாங்குங்கள். கணக்கைப் பாருங்கள்: 30 செ.மீ. விட்டமுள்ள ஃபேன் மூடும் பரப்பு சுமார் 700 சதுர செ.மீ. உங்கள் கோர் 50-க்கு 38 செ.மீ. என்றால் மொத்தம் 1,900. கூடு இல்லாத ஃபேன் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு வழியாகத்தான் காற்றை இழுக்கும், மீதிப் பகுதி நெரிசலில் சும்மா இருக்கும். கோரின் பெரும்பகுதியை மூடும் கூட்டோடு வரும் நடுத்தர ஃபேன், கூடில்லாத பெரிய ஃபேனை விட நல்லது.

மோட்டாரைச் சோதிப்பது எளிது. இறக்கையின் நுனியைப் பிடித்து முன்னும் பின்னும், பக்கவாட்டிலும் ஆட்டுங்கள். பக்கவாட்டில் லொடலொடத்தால் புஷ் (தண்டைத் தாங்கும் வளையம்) போய்விட்டது. கையால் சுற்றினால் உரசல் இல்லாமல் ஓடி நிற்க வேண்டும். மோட்டாரின் காற்றுத் துளையில் மூக்கை வைத்தால் எரிந்த வார்னிஷ் வாடை வரக் கூடாது. கனெக்டரைக் கழற்றிப் பின்களைப் பாருங்கள். பிளாஸ்டிக் பழுப்பேறியோ இளகியோ இருந்தால், அந்த மோட்டார் அளவுக்கு மீறி கரண்ட் இழுத்திருக்கிறது அல்லது டெர்மினல் தளர்ந்து சூடாகியிருக்கிறது. இரண்டில் எது என்பதை பேட்டரி சொல்லிவிடும். மோட்டாரை பேட்டரியில் இணைத்து 10 நிமிடம் ஓட விட்டு, டிசி கிளாம்ப் மீட்டரில் (வயரைச் சுற்றிப் பிடித்து அளக்கும் கருவியில்) கரண்டைக் குறித்துக்கொள்ளுங்கள். சிறிய ஒற்றை ஃபேன் 10 முதல் 15 ஆம்பியர் இழுக்கும், பெரியவை 20, 30 வரை போகும். தொடங்கும் கணத்தில் இதைப் போல் இரண்டு மூன்று மடங்கு வந்து இறங்குவது இயல்பு. ஓட ஓட கரண்ட் கூடிக்கொண்டே போனால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். குறித்துக்கொண்ட எண்ணை பத்திரமாக வைத்திருங்கள், வயரும் ஃபியூஸும் அதை வைத்துத்தான்.

இரண்டு தடித்த வயர் மட்டும் உள்ள மோட்டார் நமக்கு ஏற்றது. தடித்த இரண்டோடு மெல்லிய வயரும், மோட்டாரோடு ஒட்டிய எலக்ட்ரானிக் பெட்டியும் இருந்தால் அது கணினி அனுப்பும் துடிப்புக் கட்டளைக்கு ஓடுவது. சாதாரண ரிலேக்கு (சிறு கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் மின் ஸ்விட்சுக்கு) பணியாது, விட்டுவிடுங்கள். ரேடியேட்டருக்குப் பின்னால் இருந்து காற்றை இழுத்த ஃபேனையே தேர்ந்தெடுங்கள். முன்னால் இருந்து தள்ளிய ஃபேனை வயரை மாற்றிக் கொடுத்து எதிர்த்திசையில் சுற்ற வைக்கலாம் என்பார்கள். சுற்றும்தான், ஆனால் இறக்கையின் வளைவு ஒரு திசைக்கென்றே செய்தது, காற்று குறைந்துவிடும். கிளம்பும் முன் கனெக்டரின் மறுபாதியையும் ஒரு சாண் வயரோடு வெட்டி வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: வண்டிக்கு மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் 45 ஆம்பியர். இந்த ஃபேனைத் தாங்குமா?

பதில்: அந்த 45 எஞ்சின் வேகமாகச் சுற்றும்போது கிடைப்பது. ஐடிலில், அதாவது வண்டி நிற்க எஞ்சின் மட்டும் மெதுவாக ஓடும்போது, அதில் பாதிகூடக் கிடைக்காமல் போகலாம். ஃபேனுக்கு அதிக வேலை இருப்பதோ அந்த ஐடிலில்தான். 55 வாட் ஹெட்லைட் இரண்டும் 9 ஆம்பியர் எடுக்கும், அதன்மேல் இக்னிஷன், வைப்பர், புளோயர். பொருத்தியபின் ஐடிலில் ஹெட்லைட்டையும் ஃபேனையும் போட்டு பேட்டரி முனையில் அளந்து பாருங்கள். 13 வோல்ட்டுக்கு மேல் நின்றால் கவலை இல்லை. 12.6-க்குக் கீழே இறங்கினால் பேட்டரி கரைந்துகொண்டிருக்கிறது. அப்போது சிறிய ஃபேன் அல்லது பெரிய ஆல்டர்னேட்டர், வேறு வழியில்லை. ஆல்டர்னேட்டர் இல்லாமல் டைனமோ உள்ள வண்டியில் இந்த வேலையே வேண்டாம்.

கேள்வி: மெக்கானிக் டாஷ்போர்டு ஸ்விட்ச் வழியாக நேராக இணைத்துக் கொடுத்தார். ஸ்விட்ச் இளகிவிட்டது. சாவியை எடுத்த பிறகும் எஞ்சின் சில நொடி ஓடுகிறது.

பதில்: இரண்டுக்கும் காரணம் ரிலே இல்லாததே. ஃபேனின் முழு கரண்டும் சின்ன ஸ்விட்ச் வழியே போனால் அது சூடாகி இளகத்தான் செய்யும். சாவியை அணைத்தபின் வேகம் அடங்கும் வரை தானே சுற்றும் ஃபேன் ஜெனரேட்டர் போல மின்சாரம் தரும். எஞ்சினுக்குப் பொறி தரும் இக்னிஷன் காயிலும் அதே வயரில் இருந்தால் அந்த மின்சாரம் காயிலுக்குத் திரும்பிப் போகிறது, எஞ்சின் நிற்க மறுக்கிறது.

ரிலேயின் முனைகளில் எண் பொறித்திருக்கும். 30-ஆம் முனைக்கு பேட்டரி பாசிட்டிவிலிருந்து நேராக வயர் வரட்டும். ஃபியூஸ் பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும், ஏனென்றால் ஃபியூஸுக்கு முன்னால் உள்ள வயர் உரசி பாடியைத் தொட்டால் காக்க எதுவுமில்லை. 87-இலிருந்து ஃபேனுக்கு. 86-க்கு சாவி போட்டால் வரும் சப்ளை. 85 தெர்மோ ஸ்விட்ச் (குறித்த சூட்டில் ஃபேனைப் போட்டு அணைக்கும் ஸ்விட்ச்) வழியாக எர்த்துக்கு. ஃபேன் 20 ஆம்பியர் இழுத்தால் 30 ஆம்பியர் ஃபியூஸ், 40 ஆம்பியர் ரிலே, 4 சதுர மி.மீ. வயர். 30 ஆம்பியர் ஃபேனுக்கு 6 சதுர மி.மீ. எர்த் வயரும் அதே தடிமனில், பெயின்ட் சுரண்டிய வெற்று உலோகத்தில். ஃபேன் ஓடும்போது பேட்டரியிலும் ஃபேன் கனெக்டரிலும் வோல்ட் அளந்து பாருங்கள், வித்தியாசம் அரை வோல்ட்டைத் தாண்டினால் எங்கோ இணைப்பு தளர்வு.

கேள்வி: ஃபேன் ஓடத் தொடங்கினால் நிற்பதே இல்லை.

பதில்: தெர்மோஸ்டாட்டின் டிகிரி எண்ணையும் தெர்மோ ஸ்விட்சின் எண்ணையும் ஒப்பிடுங்கள். 88 டிகிரியில் திறக்கும் தெர்மோஸ்டாட் எஞ்சினை அந்த வெப்பத்திலேயே வைத்திருக்கும். ஸ்விட்ச் 87-இல்தான் அணையும் என்றால், சூடான தண்ணீர் நுழையும் பக்கத்தில் அந்த வெப்பம் வரவே வராது. 88 டிகிரி தெர்மோஸ்டாட்டுக்கு, 97-இல் போட்டு 92-இல் அணைக்கும் ஸ்விட்ச். 82-க்கு, 92-இல் போட்டு 87-இல் அணைப்பது. குளிர்ந்த தண்ணீர் வெளியேறும் கீழ்ப்பக்கத்தில் ஸ்விட்ச் இருந்தால் இதைவிடக் குறைந்த எண் வேண்டும். கோரின் தகடுகளுக்கிடையே செருகும் உணரி, அது தொடும் இடத்தின் சூட்டை மட்டுமே அறியும். தண்ணீரில் நனையும் ஸ்விட்சே நம்பத்தக்கது.

கேள்வி: பிளாஸ்டிக் டையைக் கோருக்குள் குத்தி ஃபேனைக் கட்டலாமா?

பதில்: கூடாது. ஃபேன் அதிர அதிர டை குழாயை அறுத்து ஒழுக வைக்கும். 3 மி.மீ. அலுமினியப் பட்டையை ரேடியேட்டரின் பக்கச் சட்டத்தில், இடையில் ரப்பர் வாஷர் வைத்து போல்ட் போடுங்கள்.

கேள்வி: பழைய ஃபேனைக் கழற்றி அதே போல்ட்டுகளைத் திரும்பப் போட்டேன். இப்போது புல்லி ஆடுகிறது.

பதில்: பல வண்டிகளில் அந்த நான்கு போல்ட்தான் ஃபேனையும் புல்லியையும் சேர்த்துப் பிடிக்கின்றன. ஃபேனின் தடிமன் போனதும் போல்ட் தேவைக்கு மேல் நீளமாகிவிடும். நுனி துளையின் அடியில் முட்டி, இறுகியது போல் தோன்றும், புல்லியோ தளர்வாகவே இருக்கும். உடனே வண்டியை நிறுத்துங்கள். கழற்றிய ஃபேனின் நடுப்பகுதித் தடிமனை அளந்து அந்த அளவு குட்டையான, அதே வலிமைத் தரமுள்ள போல்ட் போடுங்கள். கிடைக்கும் வரை அதே தடிமனுக்கு வாஷர் அடுக்கலாம்.