வாசகர் கேள்வி–பதில்: வைக்கிங் கோடரி வாங்குவதும் வாய் தீட்டுவதும்

கேள்வி: வைக்கிங் காலக் கோடரியின் நகல் ஒன்று வாங்க ஆசை. கையில் அதிகப் பணம் இல்லை. எதைப் பார்த்து வாங்க வேண்டும்?
— வாசகர், ஆஸ்லோ

முதலில் தடிமனைப் பாருங்கள். மலிவு நகல்களில் பெரும்பாலானவை இங்கேதான் தவறுகின்றன. விறகு பிளக்கும் கோடரியை அகலமாக இழுத்துவிட்டது போல, நடுப்பகுதி 8, 10 மி.மீ. கனத்தில் இருக்கும், தலை மட்டுமே ஒன்றேகால் கிலோவைத் தாண்டும். உண்மையான போர்க்கோடரி அப்படி இல்லை. நார்வே ஆய்வாளர் யான் பீட்டர்சன் 1919-இல் வைக்கிங் கால ஆயுதங்களை வகை பிரித்தபோது ‘எம்’ என்று குறித்த அகலக் கோடரியின் தகடு வியக்கத்தக்க அளவு மெல்லியது. வாய்க்குச் சற்றுப் பின்னால் மட்டும் கொஞ்சம் தடித்து, பிறகு கூர்மைக்கு இறங்கும். அகலம் மிகுந்தும் எடை குறைந்தும் இருந்ததால்தான் நீண்ட காம்பில் பொருத்தி வேகமாக வீச முடிந்தது. விற்பவரிடம் தலையின் எடையையும், வாயிலிருந்து 3 செ.மீ. உள்ளே தகட்டின் தடிமனையும் கேளுங்கள். எடை ஒரு கிலோவுக்குள், தடிமன் 4 மி.மீ.க்குள் என்றால் அந்த அகலக் கோடரிகளுக்கு அருகில் வருகிறது. பதில் சொல்லாத கடையை விட்டுவிடலாம்.

அடுத்தது உலோகம். ‘1055’, ‘1060’, ‘இஎன்45’ என்று ஏதாவது கார்பன் எஃகின் பெயர் இருக்க வேண்டும். ‘உயர்தர எஃகு’ என்று மட்டும் எழுதியிருந்தால் அது எதுவாகவும் இருக்கலாம். அச்சில் வார்த்த துத்தநாகக் கலவையில் காந்தம் ஒட்டாது. அது சுவரில் மாட்டத்தான். காந்தம் ஒட்டினாலே நல்ல எஃகு என்று முடிவு கட்டவும் வேண்டாம், 420 வகைத் துருப்பிடிக்காத எஃகிலும் காந்தம் ஒட்டும். பொருள் கைக்கு வந்த பிறகு அரத்தின் முனையால் வாயோரத்தை லேசாக உரசிப் பாருங்கள். வெண்ணெயில் கத்தி போல அரம் இறங்கினால் பதம் ஏற்றாத (சூடாக்கிக் குளிர்வித்துக் கடினமாக்காத) இரும்பு. கண்ணாடிமேல் போல வழுக்கினால் அளவுக்கு மிஞ்சிய கடினம், அடித்தால் சில்லு பெயரும். கொஞ்சம் எதிர்த்து நின்று பிறகு கடிக்க வேண்டும். கோடரிக்கு அந்தப் பதமே சரி.

பணத்தை மிச்சப்படுத்த வேண்டுமானால் அலங்காரத்தைக் கைவிடுங்கள். டென்மார்க்கின் மாமன் ஊர்ப் புதைமேட்டில் 1868-இல் கிடைத்த கோடரியில் வெள்ளிக் கம்பியைப் பள்ளத்தில் பதித்திருக்கிறார்கள். மலிவு நகலில் அதே கோலத்தை லேசரால் சுட்டு, அதற்கும் விலையில் சேர்த்துக்கொள்கிறார்கள். அந்தத் தொகைக்கு நல்ல எஃகு கிடைக்கும். தலையை மட்டும் வாங்கிக் காம்பை நீங்களே போடுவது இன்னும் சிக்கனம். இரண்டு பக்கமும் வாய் உள்ள ‘வைக்கிங்’ கோடரி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். அப்படி ஒன்றை வைக்கிங்குகள் பயன்படுத்தவில்லை.

கேள்வி: இதை இந்தியாவில் வைத்துக்கொள்ளலாமா?
— வாசகர், கோவை

உலகச் சந்தைக்குப் போகும் நகல் ஆயுதங்களில் கணிசமானவை இந்தியாவில்தான் உருவாகின்றன. டேராடூனின் விண்ட்லாஸ் ஸ்டீல்கிராஃப்ட்ஸ் 1943 முதல் இயங்குகிறது. ஆனால் இங்கே செய்கிறார்கள் என்பதற்காக யாரும் வாங்கி வைக்கலாம் என்றாகிவிடாது. 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின் அட்டவணையில், ஐந்தாம் வகையில், வாள், ஈட்டியோடு போர்க்கோடரியும் பெயர் சொல்லியே இருக்கிறது. வீட்டு வேலை, விவசாயம், தொழில் போன்றவற்றுக்காகச் செய்த கருவிகளுக்கு விலக்கு உண்டு; ‘போர்க்கோடரி’ என்று விற்கப்படும் பொருளுக்கு அந்த விலக்கைக் கேட்பது கடினம். வைத்திருக்க உரிமம் வேண்டுமா என்பது, 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 4-ஆம் பிரிவின்கீழ் உங்கள் பகுதிக்கு அறிவிக்கை இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. பணம் கட்டுவதற்கு முன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: வாங்கிய கோடரி மொட்டையாக வந்திருக்கிறது. வாயோரம் 2.5 மி.மீ. தடிமன். நானே தீட்ட முடியுமா?
— வாசகர், லண்டன்

முடியும். ஆனால் பழங்காலப் போர்களை நடித்துக் காட்டும் வரலாற்று மீள்நடிப்புக் குழுவில் மோதலுக்கு எடுத்துப் போகும் எண்ணம் இருந்தால் தீட்டாதீர்கள். 2, 3 மி.மீ. மொட்டை வாயும் உருட்டிய மூலைகளும் இருந்தால்தான் அங்கே அனுமதிப்பார்கள். ஒருமுறை கூராக்கிவிட்டால் அந்த வேலைக்கு அது திரும்பாது.

தேவையானவை: 250 மி.மீ. பட்டை அரம், 240, 400, 1000 எண் தீட்டுகற்கள், தடித்த தோல் கையுறை, கறுப்பு மார்க்கர், ஒரு அட்டை. முதலில் வாயின் வளைவை அட்டையில் வரைந்து வைத்துக்கொள்ளுங்கள். தீட்டத் தொடங்கினால் கை தானாக நடுப்பகுதியிலேயே அழுத்தும். அரை மணி நேரத்தில் வளைவு தட்டையாகிவிடும். அட்டை பக்கத்தில் இருந்தால் அது உடனே தெரியும். பிறகு தின்னரால் மேல்பூச்சைத் துடையுங்கள், இல்லாவிட்டால் அரத்தின் பல் அடைத்துக்கொள்ளும். அரத்தில் சாக்பீஸ் தேய்த்துக்கொண்டால் தூள் எளிதில் உதிரும்.

கோணம் பக்கத்துக்கு 20 பாகை போதும். அதை அளக்கக் கருவி வேண்டாம். அடி 50 மி.மீ., உயரம் 18 மி.மீ. உள்ள செங்கோண முக்கோணத்தை அட்டையில் வெட்டினால் அதன் கூர்முனை 20 பாகை. எஃகு மென்மையாக இருந்தால் உயரத்தை 23 மி.மீ. ஆக்குங்கள், 25 பாகை கிடைக்கும். மென்மையான எஃகில் 15 பாகைக்கு இறங்கினால் முதல் வெட்டிலேயே வாய் மடங்கும்.

தலையை இரு மரத்துண்டுகளுக்கு நடுவே வைஸில் இறுக்குங்கள். அரத்தைத் தகட்டின் பக்கமிருந்து வாயைத் தாண்டி வெளியே போகும்படி தள்ளுங்கள். எதிர்த் திசையில் தள்ளினால் பிசிறு (தேய்க்கும்போது ஓரத்தில் மடிந்து நிற்கும் மெல்லிய உலோக விளிம்பு) குறைவாக வரும், ஆனால் வழுக்கினால் கை நேராக வாயில் மோதும். அரம் தள்ளும்போதுதான் வெட்டும், திரும்பும்போது தூக்கிவிடுங்கள். இழுத்துத் தேய்த்தால் பல் மழுங்குவதைத் தவிரப் பயனில்லை. வாயோரம் முழுக்க மார்க்கர் பூசி, இரண்டு தேய்ப்புக்கு ஒருமுறை பாருங்கள். மை ஓரத்தில் மட்டும் போயிருந்தால் அரம் மிகவும் நிமிர்ந்திருக்கிறது, உள்ளே மட்டும் போயிருந்தால் படுத்திருக்கிறது. ஒரு பக்கம் 20 தேய்ப்பு என்றால் மறுபக்கமும் 20. உங்கள் 2.5 மி.மீ. வாய்க்கு, தகடு இருபுறமும் இணையாக இருந்தால், ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 3.5 மி.மீ. அகலத்தில் சரிவு விழும். தகடு வாயை நோக்கி மெலிந்து வந்தால் இன்னும் அகலமாகும்.

எப்போது நிறுத்துவது? விளக்கடியில் வாயை நேராகப் பாருங்கள். மொட்டை மிச்சமிருக்கும் இடம் வெள்ளைக் கோடாக மின்னும். அந்தக் கோடு மறைந்து, மறுபக்கம் விரலால் தடவினால் (குறுக்கே மட்டும், நீளவாக்கில் வேண்டாம்) பிசிறு நெடுக உணரப்பட்டால் அரத்தின் வேலை முடிந்தது. பிறகு கற்கள், எண் வரிசைப்படி, சிறு வட்டங்களாக. ஒவ்வொரு கல்லும் முந்தைய கல்லின் கீறலை அழித்த பிறகே அடுத்தது. கடைசியில் பழைய தோல் வாரில் பின்னோக்கி இழுத்துப் பிசிறை நீக்கி, எண்ணெய் தடவி, உறை போட்டு வையுங்கள்.

கேள்வி: மின்சாணையில் பிடித்தேன். ஓரம் நீலமாகிவிட்டது. கெட்டுவிட்டதா?
— வாசகர், சிங்கப்பூர்

நீலம் தெரிந்தால் அந்த இடம் ஏறக்குறைய 300 பாகை செல்சியஸ் வரை சுட்டிருக்கிறது. அங்கே பதம் இறங்கியிருக்கும். வெளிர் வைக்கோல் நிறமானால் 220 பாகையை ஒட்டித்தான், பெரும்பாலும் கவலை இல்லை. நிறத்தை உப்புத்தாளால் தேய்த்து அழித்தால் தோற்றம் போகும், மென்மை போகாது. நீலம் பட்ட பகுதி முழுவதையும் அரத்தால் எடுத்துவிட்டுப் புதிதாகச் சரிவு போடுங்கள். வாய் மெலிய மெலிய வெப்பம் தங்க இடமில்லாமல் நொடியில் ஏறும். தண்ணீரில் முக்கி முக்கிப் பிடித்தாலும் தப்புவது சிரமம். எங்கள் கருத்தில் முதல் கூருக்குக்கூட அரம்தான் ஏற்றது.

கேள்வி: காம்பு ஆடுகிறது. தண்ணீரில் ஊற வைக்கச் சொல்கிறார்கள். லாங்கேய்டு கோடரி போலப் பித்தளைப் பட்டை போட்டால் இறுகுமா?
— வாசகர், பெர்கன்

ஊற வைக்காதீர்கள். மரம் உப்பி, இரும்புத் துளைக்குள் நசுங்கும். காய்ந்ததும் முன்பைவிட ஒல்லியாகும், ஆட்டம் கூடும். பழைய ஆப்பை எடுத்துவிட்டு, நன்கு உலர்ந்த கடின மரத்தில் சற்றுத் தடித்த ஆப்பு செதுக்கி அடியுங்கள். காம்பின் தலைப்பக்கம் துளைக்கு மேலே 5 மி.மீ. நீட்டிக்கொண்டிருக்கட்டும். புதுக் காம்பு வாங்கினால் மரத்தின் இழை வாயோடு ஒரே தளத்தில் ஓடுகிறதா என்று நுனியில் பாருங்கள். குறுக்கே ஓடினால் ஓங்கி அடிக்கும்போது பிளக்கும். ஆளிவிதை எண்ணெய் மூன்று நாள், நாளுக்கு ஒரு பூச்சு.

நார்வேயின் லாங்கேய்டு புதைகுழியில் 2011-இல் கிடைத்த அந்தக் கோடரியின் காம்பில் பித்தளை சுற்றியிருந்தது உண்மை. அதிலுள்ள செம்பு நுண்ணுயிர்களைத் தடுத்ததால்தான் அந்த இடத்து மரம் மட்கவில்லை, காம்பின் ஒரு துண்டு நம் காலம்வரை வந்திருக்கிறது. ஆனால் ஆடும் காம்பைப் பட்டை இறுக்காது, ஆப்புதான் இறுக்கும். அழகுக்காகப் போட விரும்பினால் அரை மி.மீ. தகடு போதும், ஆப்பு இறுகிய பிறகு போடுங்கள்.