பிரிட்டன் கடற்படையின் முதல் நீர்மூழ்கி எது? அது போரில் சண்டை போட்டதா?

அதன் பெயர் ஹாலந்து 1. நெதர்லாந்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை; வடிவமைத்த ஜான் பிலிப் ஹாலந்து அயர்லாந்தில் பிறந்தவர். இங்கிலாந்தின் பாரோ நகரில் விக்கர்ஸ் நிறுவனம் கட்டி, 1901 அக்டோபர் 2 அன்று நீரில் இறக்கியது.

நீளம் ஏறக்குறைய 19 மீட்டர், உள்ளே 8 பேர், டார்பிடோ (நீருக்கடியில் பாய்ந்து வெடிக்கும் ஆயுதம்) ஏவ ஒரே ஒரு குழாய். மேலே ஓட பெட்ரோல் எஞ்சின், மூழ்கினால் பேட்டரியில் இயங்கும் மின்மோட்டார். மூடிய இரும்புக் கூட்டுக்குள் பெட்ரோல் ஆவி! 1903-இல் உள்ளே வெடித்து நால்வர் காயமடைந்தார்கள். விஷவாயுவைக் கண்டுபிடிக்க வெள்ளைச் சுண்டெலிகளையும் கூட வைத்திருந்தார்களாம். மூழ்கியபடியே மேலே பார்க்க உதவும் பெரிஸ்கோப் இன்னும் வேடிக்கை: முன்னால் பார்த்தால் நேராகத் தெரியும், பக்கவாட்டில் திருப்பினால் சாய்ந்து தெரியும், பின்னால் பார்த்தால் கப்பல் தலைகீழாக மிதக்கும்.

சரி, சண்டை? ஒருமுறை கிட்ட வந்து நழுவிப் போனது. 1904 அக்டோபரில் வட கடலில், அப்போது ஜப்பானோடு போரில் இருந்த ரஷ்யாவின் கப்பல்கள் பிரிட்டிஷ் மீன்பிடிப் படகுகளை ஜப்பானியக் கப்பல்கள் என்று நினைத்துச் சுட்டன. பதிலடி கொடுக்க போர்ட்ஸ்மவுத்திலிருந்து மற்ற நீர்மூழ்கிகளோடு இதுவும் கிளம்பியது. தாக்குவதற்குள் திரும்ப அழைத்துவிட்டார்கள். மற்றபடி வாழ்நாளெல்லாம் பயிற்சியும் சோதனையும்தான்.

1913-இல் 410 பவுண்டுக்குப் பழைய இரும்பாக விற்றார்கள். இழுத்துப் போகும் வழியில் இங்கிலாந்தின் தென்மேற்குக் கடலில் உள்ள எடிஸ்டோன் கலங்கரை விளக்கம் அருகே மூழ்கியது. ஒருவகையில் அதுதான் அதைக் காப்பாற்றியது, இல்லையென்றால் உருக்கியிருப்பார்கள். 1981-இல் கண்டுபிடித்து, மறு ஆண்டு தூக்கினார்கள். அப்புறம் உப்பு அரித்ததால் பல ஆண்டுகள் சோடியம் கார்பனேட் கரைசலில் ஊறவைக்க வேண்டியிருந்தது. இப்போது இங்கிலாந்தின் காஸ்போர்ட் நகர நீர்மூழ்கி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உள்ளேயே போய்ப் பார்க்கலாம்.