பச்சை ஒயர் குழாயில் சுற்றியிருந்தால் யார் பொறுப்பு?

கேள்வி: மேற்கு மாம்பலத்தில் 12 வீடுகள் உள்ள பழைய அடுக்குமாடியில், மூன்றாம் தளத்தில் சொந்த வீட்டில் இருக்கிறோம். ஐப்பசி மழையில் இடி இடித்தபோது டெலிபோன், மோடம், அதோடு இணைத்திருந்த டிவி மூன்றும் போய்விட்டன. மாடிப்படிக்குக் கீழே உள்ள பொதுக் குழாயைத் தொட்டால் சுர்ரென்கிறது. டெலிபோன் பெட்டியிலிருந்து வரும் பச்சை ஒயரை அந்தக் குழாயில்தான் சுற்றியிருக்கிறார்கள். சங்கத்தில் கேட்டால் 'கம்பெனி வேலை' என்கிறார்கள். கம்பெனியோ 'கட்டடத்து எர்த் உங்கள் பாடு' என்கிறது. புதிதாக எர்த் குழி தோண்டலாம் என்றால், 'என் கார் நிற்கிற இடம்' என்று தரைத்தளத்துக்காரர் தடுக்கிறார். யார் மேல் வழக்குப் போடலாம்?

பதில்: வழக்கு இருக்கட்டும் அம்மா. இன்றைக்கே அந்தக் குழாயை யாரும் தொடாதபடி தடுத்து வையுங்கள். பச்சை ஒயரை நீங்களே பிடுங்க வேண்டாம். உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனை அழையுங்கள்.

டெலிபோன் லைனில் சும்மா இருக்கும்போது இருப்பது 48 வோல்ட் டிசி, குறைந்த அழுத்தம்தான். அதனால் குழாய் அதிர்ச்சிக்கு டெலிபோனை மட்டும் சந்தேகிக்க மாட்டேன். யாரோ ஒருவர் வீட்டு கீசரிலிருந்தோ, தண்ணீர் மோட்டாரிலிருந்தோ மின்சாரம் கசிந்து குழாய்க்கு வந்திருக்கலாம். ஒவ்வொரு வீட்டு மெயினையும் வரிசையாக அணைத்துப் பார்த்தால் எந்த வீடு என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். அப்புறம் சங்கத்தில் இன்னொன்று கேளுங்கள்: சம்ப்பிலிருந்து வரும் குழாயை எப்போது பிவிசிக்கு மாற்றினார்கள்? முன்பு இரும்புக் குழாய் மண்ணுக்குள் போனது; லைன்மேன்கள் அதையே எர்த்தாக எடுத்துக்கொண்டார்கள். நடுவில் பிவிசி வந்திருந்தால், மேலே நிற்கும் இரும்புத் துண்டுக்கு மண்ணோடு தொடர்பே இருக்காது. கசிவு இறங்க வழியில்லாமல் அங்கேயே நிற்கும். இடி மின்னலில் லைன் வழியாக வருவதும் மண்ணுக்குப் போகாமல் உங்கள் மோடத்தைத் தேடி வரும்.

இப்போது சட்டத்துக்கு வருகிறேன். மாடிப்படி, பொதுக் குழாய், கட்டடத்தின் எர்த் எல்லாம் பொதுப்பகுதி. 1994 சட்டத்துக்குப் பதிலாக வந்த 2022-ஆம் ஆண்டு தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உடைமைச் சட்டத்திலும் இவற்றைப் பராமரிப்பது சங்கத்தின் வேலைதான். ஆகவே முதல் பொறுப்பு சங்கத்துக்கு. செயலாளருக்கு ஸ்பீட் போஸ்டில் கடிதம் அனுப்புங்கள், வாட்ஸ்அப் குழுவில் சண்டை போட்டுப் பயனில்லை. ஒரு வாரத்தில் அசையவில்லை என்றால் மின் ஆய்வுத்துறைக்குப் புகார் எழுதலாம்.

தரைத்தளத்துக்காரரின் பத்திரத்தைப் பாருங்கள். நிலத்தில் அவருக்கு இருப்பதும் பிரிபடாத பாகமாகத்தான் இருக்கும். கார் நிறுத்துவது அனுபவ உரிமை மட்டுமே. எர்த் குழிக்கு ஒன்றரை அடிச் சதுரம் போதும். கனமான இரும்பு மூடி போட்டால் அவர் கார் அதன் மேலேயே நிற்கலாம். பொதுக்குழுவில் தீர்மானம் போட்டு வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள். இதற்குப் போய் கோர்ட்டுக்கு நடப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், குழி தோண்டுவதைவிட வக்கீல் செலவு பல மடங்கு.

கம்பெனியும் தப்பிக்க முடியாது. 2023-ஆம் ஆண்டு தொலைத்தொடர்புச் சட்டப்படி, உங்கள் சுவரில் மாட்டியிருந்தாலும் அந்தப் பெட்டி கட்டடத்தோடு சேர்ந்த சொத்து ஆகாது. பெட்டி அவர்களுடையது என்றால், அதன் மின்னல் தடுப்பானும் அதிலிருந்து எர்த் வரை போகும் ஒயரும் அவர்கள் கவனிக்க வேண்டியவை. அதே காரணத்தால், கோபத்தில் நீங்கள் அதை வெட்டி எறிந்தால் வழக்கு உங்கள் மேல் திரும்பும்.

நஷ்ட ஈட்டுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். டெலிபோன் தகராறை அங்கே விசாரிக்கலாமா என்று முன்பு குழப்பம் இருந்தது. விசாரிக்கலாம் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இடி விழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனு போட வேண்டும். 'இடி தெய்வச் செயல்' என்பார்கள். எடுக்க வேண்டிய முன்னெச்சரிக்கையை எடுத்தவர்தான் அப்படிச் சொல்ல முடியும், எர்த்தைக் குழாயில் சுற்றியவர் சொல்ல முடியாது. ஆனால் டிவி, மோடம் போனது டெலிபோன் லைன் வழியாகத்தான் என்று மெக்கானிக்கிடம் எழுதி வாங்குங்கள். கரண்ட் லைன் வழியாக வந்தது என்றால் கம்பெனி நழுவிவிடும்.

எலக்ட்ரீஷியன் கை வைப்பதற்கு முன்பே அந்தக் குழாயையும் ஒயரையும் தேதி தெரியப் படம் எடுத்துவிடுங்கள். சரிசெய்த பிறகு ஆணையத்தில் காட்ட ஒன்றும் மிஞ்சாது.