ராணுவத்துக்குப் போகும் சிலம்பப் பிள்ளை: தியானம் வேண்டுமா, காப்புக் கயிறு காக்குமா?

கேள்வி: என் மகனுக்கு 19 வயது. சின்ன வயதிலிருந்தே சிலம்பம் கற்றவன். அக்னிவீரராகத் தேர்வாகி, வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமெண்ட் மையத்துக்குப் போகவிருக்கிறான். அவனுடைய ஆசான் காப்புக் கயிறு மந்திரித்துக் கட்டி, "இது இருக்கும்வரை எந்த ஆயுதமும் உன்னை அண்டாது" என்று சொல்லியிருக்கிறார். தியானத்தையும் விடக் கூடாதாம். என் கணவரோ, துப்பாக்கிக் காலத்தில் கம்பும் தியானமும் எதற்கு என்கிறார். சாமி கும்பிடுகிற பிள்ளை ஆளை அடிக்கப் பழகுவது எனக்கு மனதுக்கு ஒப்பவில்லை. எதை அவனுக்குச் சொல்லி அனுப்புவது?
– தென்காசி மாவட்ட வாசகி

பதில்: முதலில் உங்கள் கணவரின் கேள்வி. 2020 ஜூன் 15 இரவு கல்வான் பள்ளத்தாக்கில் நடந்த மோதலில் துப்பாக்கி வெடிக்கவில்லை. எல்லைக் கோட்டுக்கு இருபுறமும் இரண்டு கிலோமீட்டருக்குள் சுடக் கூடாது என்று இந்தியாவும் சீனாவும் 1996-இல் உடன்படிக்கை செய்திருக்கின்றன. ஆகவே சுமார் 14,000 அடி உயரத்தில், உறையும் குளிரில், கல்லும் இரும்புக் கம்பியும் ஆணி பதித்த தடியுமாகக் கைகலப்பு நடந்தது. நம் தரப்பில் 20 பேர் உயிர்நீத்தார்கள். ராமநாதபுரம் மாவட்டத்து ஹவில்தார் பழனி அவர்களில் ஒருவர். மறைவுக்குப் பின் அவருக்கு வீர் சக்ரா வழங்கப்பட்டது. துப்பாக்கி வந்ததால் கைச்சண்டைக்கு வேலை இல்லாமல் போய்விடவில்லை. தரைப்படை இப்போது பல போர்க்கலைகளிலிருந்து எடுத்துத் தொகுத்த 'அமர்' என்ற பயிற்சியைத் தன் வீரர்களுக்குக் கற்றுத்தருகிறது.

உங்கள் மகனுக்குச் சிலம்பத்திலிருந்து உதவப் போவது காலடி. எதிராளிக்கும் தனக்கும் உள்ள இடைவெளியைக் கண்ணாலேயே அளப்பது, எடையைப் பின்காலில் வைத்து ஒதுங்குவது, இரண்டு கையையும் ஒன்றுபோல் பழக்கியிருப்பது எல்லாம் முதல் நாளே பயிற்றுநரின் கண்ணில் படும். ஆனால் வீச்சுக்கு அங்கே இடம் குறைவு. தோளில் சுமை, காலில் பூட்ஸ், பக்கத்திலேயே சக வீரர்கள் என்று நெருக்கியடித்து நிற்கும்போது கம்பைச் சுழற்றினால் நம் ஆள் மேலேயே படும். துப்பாக்கி முனையில் பயனெட் பொருத்திக் குத்தும் குத்து குறுகியது, நேரானது, அழகில்லாதது. "எங்கள் ஆசான் இப்படிச் சொல்லித்தரவில்லையே" என்று அவன் வாதாடக் கூடாது. தெரிந்ததைக் கொஞ்ச நாள் ஒதுக்கி வைத்துவிட்டு, சொல்லித்தருவதை அப்படியே வாங்கிக்கொள்ளட்டும்.

இனி உங்கள் மனக்குறை. மூன்று கேள்விகளில் முக்கியமானது இதுதான். அமெரிக்க மரைன் படையின் அனுபவம் இதற்கு நல்ல பதில். 1990-களில் அவர்கள் கற்றுத்தந்த கைச்சண்டை முறையில் பெரும்பாலும் கொல்லும் அடிகளே இருந்தன. அமைதி காக்கும் பணிக்குப் போன இடங்களில் அது உதவவில்லை. கல்லெறியும் கூட்டத்தை, வாக்குவாதம் செய்யும் ஆளை, பயந்து திமிறும் கைதியை அடக்க வேண்டிய வீரனுக்குத் தெரிந்ததெல்லாம் உயிரை எடுக்கும் அடி என்றால் என்ன ஆகும்? தளபதி ஜேம்ஸ் ஜோன்ஸ் காலத்தில், 2001-இல், அந்த முறையை மாற்றிப் புதிய போர்க்கலைப் பயிற்சியைக் கொண்டுவந்தார்கள். உடல், மனம், குணம் என்று அதற்கு மூன்று பகுதிகள். அடி தெரிந்தால் மட்டும் தேர்ச்சியைக் காட்டும் அடுத்த நிறப் பட்டை கிடைக்காது. படிக்க வேண்டியதைப் படித்திருக்க வேண்டும், நடத்தைக்கு மேலதிகாரி பரிந்துரைக்க வேண்டும்.

அந்தப் பயிற்சியில் என்னை மிகவும் கவர்ந்த பழக்கம் ஒன்று உண்டு. மல்லுக்கட்டி முடித்து, வியர்வை வழிய மூச்சு வாங்கும் பிள்ளைகளைப் பயிற்றுநர் அப்படியே மண்ணில் உட்கார வைப்பார். தன் அனுபவத்திலிருந்தோ போர் வரலாற்றிலிருந்தோ ஒரு சம்பவத்தைச் சொல்லி, "அந்த இடத்தில் நீ என்ன செய்திருப்பாய்?" என்று கேட்பார். களைத்துப்போன உடம்போடு, கோபம் முழுக்க அடங்காத நேரத்தில் அறத்தைப் பேச வைப்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. களத்திலும் அவன் அந்த நிலையில்தானே முடிவெடுக்க வேண்டியிருக்கும்?

ராணுவப் பயிற்சியில் ஆன்மிகத்தின் வேலை அடிக்கும் கைக்குக் கூடுதல் பலம் தருவது அல்ல, அந்தக் கை எங்கே நிற்க வேண்டுமோ அங்கே அதை நிறுத்துவது என்பதே என் உறுதியான கருத்து. சரணடைந்தவன் மேல் விழவிருந்த அடுத்த அடி நிற்கிறதே, அந்த நொடிக்காகத்தான் இத்தனை வருடம் உங்கள் மகன் தரையைத் தொட்டு வணங்கிவிட்டுக் கம்பை எடுத்திருக்கிறான். சாமி கும்பிடும் பிள்ளை இந்த வேலைக்கு ஏற்றவன்தான், அம்மா. நீங்கள் தயங்க வேண்டாம்.

அதே காரணத்தால்தான் காப்புக் கயிற்றைப் பற்றி ஆசான் சொன்னதை நான் ஏற்க மாட்டேன். சீனாவில் பாக்ஸர் கிளர்ச்சியில் இறங்கிய கிராமத்து இளைஞர்கள் தற்காப்புக் கலை பழகியவர்கள். சாமி தங்கள் மேல் இறங்கினால் தோட்டா துளைக்காது என்று சடங்கு செய்து நம்பினார்கள். 1900-இல் அந்நியப் படைகளின் துப்பாக்கிகளுக்கு நேராகப் போய்க் கொத்துக் கொத்தாக மடிந்தார்கள். அவர்களின் பக்தியில் குறை இல்லை. பதுங்க வேண்டிய இடத்தில் பதுங்க விடாமல் தடுத்ததே அந்த நம்பிக்கைதான். கயிறு இருக்கட்டும், ஆசான் மந்திரித்துக் கட்டியது என்ற தெம்பு இருக்கட்டும். ஹெல்மெட்டை இறுக்கிக் கட்டுவதற்கு அது மாற்று ஆகாது.

இன்னொரு பக்கத்து ஆபத்தையும் சொல்லிவிடுகிறேன். போருக்கு முந்தைய ஜப்பானில் வாள்பயிற்சியையும் ஜென் என்ற பௌத்தப் பிரிவின் தியானத்தையும் பேரரசருக்காகச் சாகும் மனநிலையோடு பிணைத்தார்கள். ஆன்மிகம் அங்கே கேள்வி கேட்கும் திறனையே அணைத்துவிட்டது. சோட்டோ ஜென் பிரிவு தன் பங்குக்காக 1992-இல் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டது. தியானம் பழகியவன் என்பதாலேயே ஒருவன் தவறான ஆணைக்கு மறுப்புச் சொல்லிவிடுவான் என்று நம்பிவிட முடியாது. அதற்குத் தனியாகப் பழக வேண்டும். வீட்டில் நீங்கள் சொல்லி வளர்த்தது அங்கே கைகொடுக்கும்.

தியானத்தைத் தொடரட்டும், ஆனால் முறையை மாற்றிக்கொள்ள வேண்டும். அதிகாலையில் விசில் ஊதும் பாரக்கில் (வீரர்கள் தங்கும் கூடத்தில்) அரைமணி நேரம் கண்மூடி உட்கார இடமும் பொழுதும் கிடைப்பது அரிது. நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்து, நான்கு எண்ணும்வரை நிறுத்தி, நான்கில் விட்டு, மறுபடி நான்கு எண்ணும்வரை இழுக்காமல் இருப்பது பல நாட்டுப் படைகளில் சொல்லித்தரும் எளிய பயிற்சி. புறப்படும்வரை தினமும் வேகமாக ஓடி முடித்து, மூச்சு ஓரளவு தணிந்ததும் நின்றபடியே இதைச் செய்து பார்க்கட்டும். தலை சுற்றினால் நிறுத்தி வைக்கும் பகுதியை விட்டுவிடலாம். சுடுகளத்தில் கை நடுங்கும்போது இந்தப் பழக்கம் உதவும்.

வழிபாட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். இந்தியத் தரைப்படையில் பண்டிதர், மௌல்வி, பாதிரியார், சீக்கிய கிரந்தி, பௌத்தத் துறவி ஆகியோர் ஜே.சி.ஓ. (இளநிலை அதிகாரி) நிலையில் மத ஆசிரியர்களாகப் பணிபுரிகிறார்கள். எல்லா மதத்தாரும் ஒரே கூரையின் கீழ் வழிபடும் சர்வ தர்ம ஸ்தலங்களும் உண்டு. வீட்டு ஞாபகமோ பயமோ வாட்டினால் அந்த ஆசிரியரிடம் மனம்விட்டுப் பேசலாம் என்று சொல்லி அனுப்புங்கள். நாள்கணக்கில் தூக்கம் வரவில்லை என்றால் மருத்துவ அதிகாரியிடம் போக வேண்டும். அதற்குப் பூஜை மட்டும் போதாது.

கயிற்றைப் பற்றி ஒரு நடைமுறை விஷயம். மல்லுக்கட்டும் பயிற்சியில் கழுத்திலும் மணிக்கட்டிலும் கிடப்பதெல்லாம் எதிராளிக்குப் பிடி. கழற்றச் சொன்னால் மறுபேச்சுப் பேசாமல் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட வேண்டும். கழற்றினால் ஏதாவது நேர்ந்துவிடுமோ என்ற பயம் அவனுக்குள் இருந்தால் பயிற்சியில் கவனம் சிதறும். ஆகவே புறப்படுவதற்கு முன் ஆசானை நேரில் பார்த்து, "கழற்றினாலும் குற்றமில்லை" என்று அவர் வாயாலேயே மகனிடம் சொல்ல வையுங்கள்.