கான்கிரீட், காசநோய், கூடைப்பந்து: இத்தனை ஆராய்ச்சிகளுக்கும் பொதுவாக என்ன இருக்கிறது?

கேள்வி: ஒரே ஊரில் ஒருவர் கான்கிரீட்டை ஆராய்கிறார், ஒருவர் கூடைப்பந்து வீரர்களை, ஒருவர் வங்கி வாடிக்கையாளர்களை, இன்னொருவர் புரதத்தை. இவற்றுக்குள் பொதுவாக ஏதாவது உண்டா? எம்.எஸ்சி. புள்ளியியல் முடிக்கப்போகும் நான் எந்தத் துறையில் பிஎச்.டி. சேரலாம்?

பதில்:

உண்டு. ஆனால் தலைப்புகளை வைத்துத் தேடினால் கிடைக்காது. ஒவ்வொரு துறையும் ஒரு முடிவை எதை வைத்து நம்புகிறது என்று பார்த்தால் கிடைக்கும்.

நானும் புள்ளியியல் படித்தவள்தான். சென்னையில் ஆராய்ச்சி மாணவர்களுக்குத் தரவுகளை அலசக் கற்றுக்கொடுப்பது என் வேலை. சிவில், காமர்ஸ், உடற்கல்வி, நர்சிங், உயிர்வேதியியல் என்று எல்லாப் பக்கமிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். இவர்களோடு பேசிப் பேசி எனக்கு ஒன்று உறுதியாகிவிட்டது. ஒரு துறை தன் கஷ்டத்துக்காகக் கண்டுபிடித்த முறையை அடுத்த துறை எடுத்துக்கொள்கிறது. அந்த முறை எந்தக் கஷ்டத்தில் பிறந்தது என்பதையும் சேர்த்து எடுத்துக்கொண்டால் நல்ல ஆராய்ச்சி வருகிறது. முறை மட்டும் வந்து காரணம் வராமல் போனால், நல்ல பைண்டிங் போட்ட ஒரு தீசிஸ்தான் வருகிறது.

இதற்கு நம் சேத்துப்பட்டிலேயே உலகம் அறிந்த உதாரணம் இருக்கிறது. 1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாகாண அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நான்கும் சேர்ந்து இங்கே காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தைத் தொடங்கின. இன்று அதுதான் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். அந்தக் காலத்தில் காசநோய் என்றால் சானடோரியம். படுக்கை, ஓய்வு, நல்ல காற்று, சத்தான சாப்பாடு. நோயாளிகளோ ஏராளம், படுக்கைகளோ சொற்பம். மாத்திரை வந்துவிட்ட பிறகும் இந்தப் படுக்கையும் ஓய்வும் தேவைதானா, வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டால் ஆகாதா என்பதுதான் கேள்வி.

வெறுமனே வீட்டு நோயாளிகளையும் சானடோரிய நோயாளிகளையும் ஒப்பிட்டிருந்தால் பதில் கிடைத்திருக்காது. வசதியுள்ளவர், வீட்டில் ஆள்பலம் உள்ளவர், நோய் முற்றியவர் என்று யார் எங்கே போகிறார் என்பதிலேயே வித்தியாசம் ஒளிந்திருக்கும். அதனால் யாருக்கு வீடு, யாருக்குச் சானடோரியம் என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்தார்கள். இரு தரப்புக்கும் அதே மருந்து, ஒரு வருடம். வீட்டில் இருந்தவர்கள் நெருக்கமான குடியிருப்புகளில், குறைவாகச் சாப்பிட்டு, ஓய்வும் குறைவாக எடுத்தவர்கள். முடிவுகள் 1959இல் வெளியாயின. குணமானவர்களின் விகிதம் ஏறக்குறைய ஒன்றுதான். வீட்டில் கூட இருந்தவர்களுக்கு நோய் தொற்றுவதும் அதிகமாகவில்லை. ஆராய்ச்சியில் இருந்தவர்கள் மொத்தம் இருநூறு பேருக்கும் குறைவு. உலகம் முழுக்கச் சானடோரியங்கள் காலியானதற்கு இந்தச் சென்னை ஆராய்ச்சி முக்கியக் காரணம். இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு ஊர்ப் பெருமை பொங்கத்தான் செய்கிறது.

அந்தக் குலுக்கல் மருத்துவத்தில் பிறந்ததல்ல. 1919இல் இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர் வேலைக்குச் சேர்ந்தார். ஒரே வயலில் ஒரு மூலை மண் கொழுப்பாக இருக்கும், இன்னொரு மூலை சோடையாக இருக்கும். உரத்தை நல்ல மூலையில் போட்டுவிட்டு விளைச்சல் கூடியது என்றால், கூட்டியது உரமா மண்ணா? எந்தப் பாத்திக்கு எந்த உரம் என்பதை மனுஷக் கை தீர்மானிக்கக் கூடாது, குலுக்கல்தான் தீர்மானிக்க வேண்டும் என்றார் அவர். இதையே இன்னொரு புள்ளியியலாளர் பிராட்ஃபோர்டு ஹில் மருத்துவத்துக்குக் கொண்டுபோனார். ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தைக் காசநோயாளிகளிடம் சோதித்த பிரிட்டிஷ் ஆராய்ச்சி 1948இல் வெளிவந்தது. அடுத்து சேத்துப்பட்டு. பிறகு இதைப் பொருளாதார அறிஞர்கள் பள்ளிக்கூடங்களுக்கும் கிராமங்களுக்கும் எடுத்துப் போனார்கள். அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ, மைக்கேல் கிரெமர் மூவருக்கும் 2019இல் பொருளாதார நோபல் கிடைத்தது இந்த வழியில் வறுமையை ஆராய்ந்ததற்குத்தான். பானர்ஜியும் டுஃப்லோவும் சேர்ந்து நிறுவிய ஜே-பால் என்ற வறுமை ஆராய்ச்சி அமைப்பின் தெற்காசியக் கிளை தொடங்கப்பட்டதும் சென்னையில்தான்.

இப்போது உடற்கல்விக்கு வருகிறேன். அங்கே ஒரு தீசிஸ் அமைப்பு அடிக்கடி கண்ணில் படும். கல்லூரி மாணவர்களை 15 பேர் வீதம் மூன்று குழுவாகப் பிரிப்பார்கள். ஒன்றுக்குப் பிளையோமெட்ரிக் (தாவிக் குதிக்கும்) பயிற்சி, ஒன்றுக்கு யோகா, மூன்றாவது எந்தப் பயிற்சியும் இல்லாமல் ஒப்பிடுவதற்கு மட்டும் வைக்கும் கன்ட்ரோல் குரூப். 12 வாரம். முன்னும் பின்னும் வேகம், தாவும் உயரம், நாடித்துடிப்பு எல்லாம் அளந்து, அன்கோவா (ஆரம்ப அளவைக் கணக்கில் எடுத்துக் குழுக்களை ஒப்பிடும் கணக்கு) போட்டு, எந்தெந்தக் குழுக்களுக்கு இடையே வித்தியாசம் என்று காட்டும் ஷெஃபே சோதனையில் முடிப்பார்கள். அந்த அன்கோவாவும் ஃபிஷர் தந்ததுதான். அட்டவணைகள் ஒரு குறையும் இல்லாமல் இருக்கும். நான் முதலில் கேட்பது வேறு.

"யார் எந்தக் குரூப்னு எப்படிப் பிரிச்சீங்க தம்பி?"

"ஹாஸ்டல் பசங்க காலையில அஞ்சரைக்கே கிரவுண்டுக்கு வந்துடுவாங்க மேடம், அவங்களை டிரெய்னிங்ல போட்டோம். டே ஸ்காலர்ஸ் எல்லாம் கன்ட்ரோல்."

ஹாஸ்டல் மாணவன் மைதானத்துக்குப் பக்கத்திலேயே தூங்கி எழுகிறான், நேரத்துக்குச் சாப்பிடுகிறான். டே ஸ்காலர் கும்மிடிப்பூண்டியிலிருந்து டிரெயினும் பஸ்ஸும் மாறி வருகிறான். 12 வாரம் கழித்துத் தெரியும் வித்தியாசம் பயிற்சியால் வந்ததா, தூக்கத்தால் வந்ததா? ஆரம்ப அளவில் இருந்த ஏற்றத்தாழ்வை அன்கோவா சரிக்கட்டும். 12 வாரமும் கூடவே ஓடிக்கொண்டிருந்த வித்தியாசத்தை அதனால் தொட முடியாது. வயலில் மண் செய்த வேலையை இங்கே ஹாஸ்டல் செய்கிறது. அந்தத் தம்பி சோம்பேறி அல்ல, விடியற்காலையில் ஸ்டாப்வாட்சோடு நின்று உழைத்தவர். ஒரு பெட்டியில் 45 சீட்டுப் போட்டுக் குலுக்கியிருந்தால் அவர் உழைப்பு முழுசாகப் பலித்திருக்கும். இது எனக்கு உண்மையிலேயே வருத்தமான விஷயம்.

இதை வைத்து விளையாட்டு ஆராய்ச்சி இளப்பமானது என்று நினைத்துவிடாதீர்கள். கிரிக்கெட்டில் பந்துவீசும் கை எவ்வளவு மடங்கி நிமிரலாம் என்பதற்கு ஒரு காலத்தில் வேகப்பந்துக்கு 10 டிகிரி, மிதவேகத்துக்கு 7.5, சுழலுக்கு 5 என்று வரம்பு இருந்தது. அதிவேகக் கேமராக்களை வைத்து அளந்து பார்த்தபோது, சந்தேகமே எழாத பௌலர்களின் கையும் அந்த வரம்பைத் தாண்டுவது தெரிந்தது. 2005 முதல் எல்லோருக்கும் 15 டிகிரி என்று ஐசிசி மாற்றியது. சந்தேகத்துக்கு உள்ளான பௌலர்களைச் சோதிக்க ஐசிசி அங்கீகரித்த மையங்களில் ஒன்று நம் போரூர் ராமச்சந்திரா மருத்துவக் கல்வி நிறுவனத்தில் இருக்கிறது. ஒரு மனிதனின் பிழைப்பையே தீர்மானிக்கும் அளவீடு அது.

கான்கிரீட் கதை வேறு மாதிரி. எம்30 கான்கிரீட் என்று கட்டட சைட்டில் சொல்கிறார்களே, அந்த 30 அதன் சராசரி வலிமை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அல்ல. 150 மி.மீ. க்யூபை 28 நாள் தண்ணீரில் கியூரிங் செய்து நசுக்கினால், ஒரே கலவையில் வார்த்த க்யூபுகள்கூட வேறு வேறு எண் காட்டும். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456இன்படி, சதுர மில்லிமீட்டருக்கு 30 நியூட்டனுக்குக் கீழே போகும் முடிவுகள் நூற்றுக்கு ஐந்தைத் தாண்டக் கூடாது. அதனால் கலவை வடிவமைப்பவர் 30ஐக் குறிவைக்க முடியாது. 30உடன், திட்டவிலக்கத்தை (முடிவுகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறுகின்றன என்ற அளவை) 1.65ஆல் பெருக்கிக் கூட்டிக்கொள்ள வேண்டும். திட்டவிலக்கம் 5 என்றால் குறி 38.25. மணலின் ஈரத்தைப் பார்க்காமல் தண்ணீர் ஊற்றும் சைட்டில் விலக்கம் கூடும், குறியும் கூடும், சிமெண்ட் மூட்டையும் கூடும். புள்ளியியல் படித்த நமக்கு இதைவிட அழகான பாடம் வேண்டுமா?

ஆனால் அதே சிவில் துறையில், ஆற்று மணலுக்குப் பதில் வேறொன்றைச் சேர்த்து, கலவைக்கு மூன்றே க்யூப் நசுக்கி, வலிமை 4 சதவீதம் கூடியது என்று எழுதுகிறார்கள். மூன்று க்யூபுகளில் ஒவ்வொன்றும் சராசரியிலிருந்து 15 சதவீதம் வரை விலகலாம் என்று அந்த விதியே அனுமதிக்கிறது. அப்படியிருக்க இந்த 4 சதவீதத்தை எதில் சேர்ப்பது?

காமர்ஸ் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. 'முழுக்க ஏற்கிறேன்' முதல் 'முழுக்க மறுக்கிறேன்' வரை ஐந்து கட்டமாகப் பதில் கேட்கும் லிக்கர்ட் அளவுகோல் மனப்பான்மையை அளக்க 1932இல் வந்த உளவியல் கருவி. அதைக் கூகுள் படிவத்தில் போட்டு, தெரிந்தவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் அனுப்பி, "சென்னை மாநகர வாடிக்கையாளர்களின் திருப்தி" என்று தலைப்பு வைக்கிறார்கள். மாநகரம் அந்தக் குழுக்களுக்குள் அடங்காது.

குலுக்கலே போட முடியாத கேள்விகளும் உண்டு. நிலம் யாரிடமிருந்து யாருக்குக் கைமாறியது, கூலி எப்படி உயர்ந்தது என்பதைக் குலுக்கிப் போட்டு யார் சோதிப்பது? அங்கே பொருளாதாரம் காலத்தைத் துணைக்கு அழைக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர், 1916இல் தன் மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பி வீடு, நிலம், கடன், கூலி எல்லாவற்றையும் எழுதிவரச் சொன்னார். அதில் ஒன்று இன்றைய விழுப்புரம் மாவட்டத்து இருவேல்பட்டு. 1930களில் மறுபடி அங்கே போனார்கள். 1980களின் தொடக்கத்தில் குகனும் ஜோன் மென்ச்சரும் போனார்கள். 2008இல் ஜான் ஹாரிஸ், ஜெயரஞ்சன், நாகராஜ் மூவரும் போனார்கள். ஒரே ஊர், ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு. முதலில் போன மாணவர் ஒழுங்காக எழுதி வைத்ததால்தான் பின்னால் வந்தவர்களால் ஒப்பிட முடிந்தது. புள்ளியியல் சோதனைகள் தரும் எஃப் மதிப்பும் பி மதிப்பும் இல்லாமலே இது முதல்தர ஆராய்ச்சி.

பல துறைகள் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதன் பலனுக்கு ஒன்று சொல்கிறேன். ஜி.என். ராமச்சந்திரன் இயற்பியலாளர். 1950களின் தொடக்கத்தில் கிண்டி வளாகத்தில் எக்ஸ்ரே கருவியோடு இருந்தவருக்கு கொலாஜன் என்ற புரதத்தின் அமைப்பைக் கண்டுபிடிக்க ஆசை. மாதிரி வேண்டுமே? சர்தார் படேல் சாலையில் பக்கத்திலேயே மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம். தோல் என்பதே பெரும்பாலும் கொலாஜன்தான். அங்கிருந்து கங்காரு வால் தசைநார் கிடைத்தது. கோபிநாத் கார்த்தாவோடு சேர்ந்து 1954இல் அவர் முன்வைத்த மூன்றிழை அமைப்பு பாடப்புத்தகங்களில் ஏறிவிட்டது. செருப்புக்கும் பைக்கும் தோல் பதப்படுத்த ஆராயும் இடம் அடுத்த வளாகத்தில் இல்லையென்றால் அவருக்கு அந்த மாதிரி எத்தனை தாமதமாகக் கிடைத்திருக்குமோ.

சதுரங்கத்தையும் விட மனசில்லை, இது ஆனந்தும் குகேஷும் வளர்ந்த ஊர். வீரர்களுக்குப் புள்ளி போடும் ஈலோ முறையைத் தந்த அர்பாட் ஈலோ ஓர் இயற்பியல் பேராசிரியர். வில்லியம் சேஸும் ஹெர்பர்ட் சைமனும் 1973இல் ஒரு சோதனை வெளியிட்டார்கள். உண்மையான ஆட்டத்தின் நடுவிலிருந்து ஒரு நிலையை ஐந்து விநாடி காட்டினால் மாஸ்டர் பெரும்பாலான காய்களை நினைவிலிருந்து திரும்ப அடுக்கிவிடுவார், புதியவர் தடுமாறுவார். காய்களைக் கன்னாபின்னாவென்று கலைத்து வைத்துக் காட்டினால் மாஸ்டரும் கிட்டத்தட்டப் புதியவர் அளவுக்கு இறங்கிவிடுகிறார். அவருக்கு இருப்பது பொதுவான ஞாபகசக்தி அல்ல, பழகிய வடிவங்களின் சேமிப்பு. அந்த இரண்டாவது பலகைதான் இங்கே கன்ட்ரோல் குரூப். அதே சைமனுக்கு 1975இல் கணினி அறிவியலின் டூரிங் விருது, 1978இல் பொருளாதார நோபல். மனிதன் எப்படி முடிவெடுக்கிறான் என்ற ஒரே கேள்வியைத்தான் அவர் எல்லா இடத்திலும் துரத்தினார்.

உங்களுக்கு எந்தத் துறை என்ற கேள்விக்கு என் சாய்வைச் சொல்லிவிடுகிறேன்: பொது சுகாதாரம் அல்லது விளையாட்டு அறிவியல். இரண்டிலும் புள்ளியியல் தெரிந்தவர், அளவெடுக்கத் தொடங்கும் முன்பே கூட இருந்தாக வேண்டும். இரண்டுக்கும் இந்த ஊரில் இடம் இருக்கிறது: சேத்துப்பட்டு, போரூர், மேலக்கோட்டையூர் உடற்கல்விப் பல்கலைக்கழகம், ஐஐடி மெட்ராஸின் விளையாட்டு அறிவியல் மையம். தரவு கைக்கு வந்த பிறகு மட்டும் கூப்பிடும் நெறியாளரிடம் சேராதீர்கள். முதல் சந்திப்பிலேயே "எத்தனை பேரிடம் அளப்பது, எப்படிப் பிரிப்பது என்று எப்போது முடிவு செய்வீர்கள்?" என்று கேளுங்கள். கேட்டதற்கு முகம் சுளிப்பவர் என்றால் அதுவும் தெரிந்துபோகும்.

சேருவதற்கு முன் வேறு துறைகளின் வைவாக்களுக்குப் போய் உட்காருங்கள். பிஎச்.டி. வாய்மொழித் தேர்வு பொதுவில் நடப்பது, தேதி துறை அறிவிப்புப் பலகையில் இருக்கும், ஆராய்ச்சி ஆர்வத்தோடு வருகிறேன் என்று துறைத் தலைவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். சிவில் ஒன்று, உடற்கல்வி ஒன்று, உயிர்வேதியியல் ஒன்று என்று பாருங்கள். பவர்பாயிண்ட் முடிந்து வெளித்தேர்வாளர் கேட்கத் தொடங்கும்போது கவனியுங்கள். எந்தத் துறையில் நடக்கும் கேள்விகளைக் கேட்டு உங்களுக்கும் ஒரு கேள்வி கேட்கக் கை தூக்கத் தோன்றுகிறதோ, அந்தத் துறைக்கு விண்ணப்பம் போடுங்கள்.