ஓவன் வெப்பம் ஏறி இறங்குகிறது, பிஐடி கற்க 45,000 ரூபாய் கட்டலாமா?

ஓசூரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்து, பவுடர் கோட்டிங் (உலோகத்தில் பெயின்ட் தூளைப் பூசி ஓவனில் சுடும்) பட்டறையில் மெயின்டனன்ஸ் பார்க்கிறார். மின்சார ஓவனுக்கு 200 டிகிரி வைத்தால் 218 வரை ஏறுகிறது, பிறகு 190-க்கு இறங்குகிறது. ஆறு நிமிடத்துக்கு ஒருமுறை இதே ஆட்டம். வெள்ளைப் பவுடர் மஞ்சளாகிவிடுகிறது. வெப்பத்தைப் பார்த்து ஹீட்டரைக் கூட்டிக் குறைக்கும் கன்ட்ரோலரில் பிஐடி எண்கள் பி 3, ஐ 60, டி 15 என்று இருக்கின்றன. "கன்ட்ரோல் சிஸ்டம் முறையாகப் படிக்காமல் இதைத் தொடக் கூடாது என்கிறார்கள். ஒரு பயிற்சி நிலையத்தில் 45,000 ரூபாய் கேட்கிறார்கள். எனக்குக் கணக்கு வராது, அதில் வரும் லாப்லாஸ் கணித முறை என்றாலே பயம். என்ன செய்யட்டும்?"

பணத்தைக் கட்டாதீர்கள். உங்களுக்குத் தேவையானதைக் கற்றுக்கொள்ள அந்த ஓவனே போதும்.

லாப்லாஸ் பயத்தை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். ஜேம்ஸ் வாட் நீராவி எந்திரத்தின் வேகத்தைச் சீராக்கச் சுழலும் குண்டுகள் கொண்ட கவர்னரைப் பொருத்தியது 1788-இல். அது ஏன் சில நேரம் நிலைகொள்ளாமல் ஆடுகிறது என்பதற்கு இயற்பியலாளர் மேக்ஸ்வெல் கணக்குப் போட்டுக் கட்டுரை எழுதியது 1868-இல். நடுவில் 80 ஆண்டுகள், கணக்கு தெரியாத மெக்கானிக்குகள்தாம் அதை ஓட்டினார்கள். கணக்கு தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. ஆட்டத்தைக் கண்ணால் பார்த்தவருக்குத்தான் அந்தக் கணக்கு எதைச் சொல்கிறது என்று புரியும்.

தோசைக்கல்லை நினைத்துக்கொள்ளுங்கள். கல் காயவில்லை என்று தீயைக் கூட்டுகிறோம். காய்ந்தது தெரிந்து தீயைக் குறைத்தாலும் கல் இன்னும் ஏறுகிறது, ஏனென்றால் தீ கொடுத்த சூடு கல்லின் மேல்புறம் வந்துசேர நேரம் ஆகிறது. பார்ப்பது, ஒப்பிடுவது, திருத்துவது: பின்னூட்டம் என்பது இவ்வளவுதான். அதைக் கெடுப்பது தாமதம். உங்கள் ஓவனில் ஹீட்டர் சூடாகி, காற்று சூடாகி, வெப்பத்தை அளக்கும் தெர்மோகப்பிளின் உறை சூடாகிய பிறகுதான் கன்ட்ரோலருக்குச் செய்தி போகிறது. அது பழைய செய்தியை நம்பி முடிவெடுக்கிறது. இன்னொன்றும் உண்டு. கல் அதிகம் காய்ந்தால் தண்ணீர் தெளிக்கிறோம். ஓவனுக்கு அப்படி ஒன்று கிடையாது. கன்ட்ரோலரால் சூட்டை ஏற்ற முடியும், இறக்க முடியாது. அது தானாக ஆறும் வரை காத்திருக்கத்தான் வேண்டும். அதனால் மேலே தாண்டவிடாமல் பார்த்துக்கொள்வதே உங்கள் முதல் வேலை.

பி என்பது இப்போது உள்ள இடைவெளியைப் பார்த்துச் செயல்படுவது. அதன் பட்டை, அதாவது ஹீட்டர் படிப்படியாகக் குறையும் வெப்ப இடைவெளி, 20 டிகிரி என்று வைத்துக்கொண்டால், 180 வரை ஹீட்டர் முழுசாக எரியும், அதற்குமேல் படிப்படியாகக் குறைந்து 200-இல் நின்றுவிடும். ஆனால் 200-இல் நிலைத்து நிற்க ஓவனுக்கு 30 சதவீதம் மின்சாரம் வேண்டும் என்றால், அந்த 30 கிடைப்பது 194 டிகிரியில்தான். அங்கேயே நின்றுவிடும். மிச்சமிருக்கும் 6 டிகிரியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துச் சரிசெய்வது ஐ. வெப்பம் எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று பார்த்து முன்கூட்டியே பிரேக் பிடிப்பது டி. ஓவன் போல மெதுவாக மாறும் இடத்தில் டி நன்றாகவே உதவும்.

இனி உங்கள் எண்களுக்கு வருவோம். இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். சில கன்ட்ரோலரில் பி என்பது பட்டை (டிகிரியிலோ, கன்ட்ரோலரின் அளவு வரம்பில் சதவீதமாகவோ), எண் கூடினால் மென்மை. சிலவற்றில் பி என்பது பெருக்கம், எண் கூடினால் முரட்டுத்தனம். 5 சதவீதப் பட்டையும் 20 மடங்கு பெருக்கமும் ஒன்றேதான். ஐ பெரும்பாலும் நொடியில் இருக்கும். எண் குறையக் குறைய அழுத்தம் கூடும், பூஜ்யம் வைத்தால் ஐ வேலையே செய்யாது. இதைப் புரிந்துகொள்ளாமல் நண்பர் சொன்ன எண்ணைப் போட்டு ஓவனைக் கெடுத்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கன்ட்ரோலரின் கையேட்டில் அந்த ஒரு பக்கத்தை மட்டுமாவது படியுங்கள்.

உங்களுடையது சதவீதப் பட்டை, ஐ நொடியில் என்றால், கோளாறு பெரும்பாலும் ஐ-யில்தான். ஆறு நிமிடம் எடுத்து ஆடுகிற ஓவனுக்கு 60 நொடி ஐ என்பது அவசரக்காரன் கையில் சாவியைக் கொடுத்தது போல. ஐ-யை 200 நொடிக்குக் கொண்டுபோங்கள். மூன்று ஆட்டம் முடியும் வரை வேறு எதையும் தொடாதீர்கள். அப்புறம் பி-யை 3-லிருந்து 6 ஆக்குங்கள். டி-யை ஐ-யின் கால் பங்கு அளவில் வைக்கலாம். ஒவ்வொரு முறையும் நிமிடத்துக்கு ஒரு தரம் வெப்பத்தைக் குறித்து, கட்டம் போட்ட நோட்டில் புள்ளி வைத்து வரையுங்கள். நான்கு நாள் இப்படி வரைந்தால், ஒரு செமஸ்டரில் கிடைக்காத புரிதல் கிடைத்துவிடும்.

ஒரு விலக்கு உண்டு. ஆட்டம் எல்லாமே பிஐடி எண்களால் வருவதில்லை. ஓவன் 200-ஐ ஒட்டி ஓடும்போது கன்ட்ரோலர் ஹீட்டருக்குக் கொடுக்கும் சராசரி அவுட்புட் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். 30 என்றால், கன்ட்ரோலரை மேனுவலில் போட்டு 30-இலேயே நிறுத்துங்கள். பக்கத்திலேயே நில்லுங்கள், விட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். இப்போது பின்னூட்டமே இல்லை. வெப்பம் மெல்ல ஒரு பக்கம் நகர்ந்தால் கவலையில்லை. ஆறு நிமிட ஆட்டம் அப்படியே தொடர்ந்தால் கன்ட்ரோலர் மேல் குற்றமில்லை: தெர்மோகப்பிள் திருகு தளர்ந்திருக்கலாம், முனை சுவரைத் தொட்டுக்கொண்டிருக்கலாம், காற்றாடி விட்டுவிட்டு ஓடலாம், அடிக்கடி கதவு திறக்கலாம். அவற்றைச் சரிசெய்யாமல் எந்த எண்ணைப் போட்டாலும் வீண். மேனுவலில் ஆட்டம் நின்றுவிட்டால் மட்டுமே எண்களிடம் போங்கள். புதுக் கன்ட்ரோலர் விற்க வருகிறவர் இந்தச் சோதனையைச் செய்துகாட்ட மாட்டார். பெட்டியை மாற்றினால் அவருக்குக் கமிஷன். முதலில் இதைச் செய்துகாட்டச் சொல்லுங்கள்.

ஆட்டோ டியூன் பொத்தானை அழுத்தலாம். ஹீட்டரை முழுசாகப் போட்டும் நிறுத்தியும் அது தானே ஓர் ஆட்டத்தை உண்டாக்கி அளந்து பார்க்கும். காலி ஓவனில் செய்தால் காலி ஓவனுக்கான எண்கள்தாம் கிடைக்கும். கழிவுப் பொருட்களைத் தொங்கவிட்டு வழக்கமான சுமையில் செய்யுங்கள். பிஐடி எண்களைக் கணக்கிடப் பாடநூல்களில் வரும் சீக்லர்–நிக்கல்ஸ் சூத்திரத்தைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். 1942-இல் அவர்கள் வைத்த இலக்கு, ஒவ்வொரு மேடும் முந்தைய மேட்டில் கால் பங்காக இருக்க வேண்டும் என்பது. அதாவது முதல் மேடு இலக்கைத் தாண்டும் என்பதை ஏற்றுக்கொண்டே போட்ட சூத்திரம். இதை எந்த வகுப்பில் சொல்கிறார்கள்? நான் படித்த கல்லூரியில் லூப் நிலைகொள்ளுமா என்று கணக்கிடும் ரூத் அட்டவணை போட்டோம், செமி-லாக் தாளில் போடே வரைபடம் வரைந்தோம், முழு மதிப்பெண் வாங்கினோம். ஆடுகிற ஒரு லூப்பை, அதாவது நிஜமான பின்னூட்டச் சுற்றை, யாரும் எங்களுக்குக் காட்டவில்லை. இன்று வேலைக்கு வரும் பிள்ளைகளும் அப்படியேதான் வருகிறார்கள். எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

அந்த ஓட்டையில்தான் "பிஎல்சி, ஸ்கேடா, பிஐடி, வேலை உறுதி" என்று ஆலைக் கட்டுப்பாட்டுப் பயிற்சிப் பலகைகள் முளைக்கின்றன. பலவற்றில் கணினித் திரையில் ஓடும் மாதிரியைத் தவிர ஒன்றும் இருப்பதில்லை. சேரத்தான் வேண்டும் என்றால் நேரில் போய், உண்மையான ஹீட்டரோ தண்ணீர்த் தொட்டியோ வைத்து ஒரு லூப்பை உங்கள் கண் முன்னால் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாதவரிடம் ஒரு ரூபாயும் கட்ட வேண்டாம். ஒரிஜினல் சான்றிதழை யாரிடமும் கொடுத்து வைக்காதீர்கள்.

வீட்டில் பழக, ஓர் ஆர்டுயினோ (நிரல் எழுதி ஓட்டும் சிறு மின்னணுப் பலகை), 12 வோல்ட் பைக் பல்பு, அதைக் கட்டுப்படுத்தும் சுவிட்சாக ஒரு மாஸ்ஃபெட், வெப்பத்தை அளக்க ஓர் எல்எம்35 சென்சார் போதும். அந்த சென்சார் டிகிரிக்கு 10 மில்லிவோல்ட் தரும். பல்பையும் சென்சாரையும் ஒரு டப்பாவுக்குள் வைத்து 50 டிகிரியில் நிறுத்திப் பாருங்கள். முதலில் பி மட்டும், பிறகு ஐ. ஐஐடி பேராசிரியர்களின் என்பிடெல் வகுப்புகள் இணையத்தில் இலவசம். இதைச் செய்து முடித்த பிறகு பார்த்தால் லாப்லாஸ் பயமுறுத்தாது.

கடைசியாக, எண்களைத் தொடுவதற்கு முன் ஒன்றைப் பாருங்கள். உங்கள் ஹீட்டரை எஸ்எஸ்ஆர் என்ற மின்னணு சுவிட்ச் ஓட்டுகிறதா? அது கெட்டால் பெரும்பாலும் ஷார்ட்டாகி, எரிந்த நிலையிலேயே நிற்கும். கன்ட்ரோலர் நிறுத்தச் சொன்னாலும் ஹீட்டர் நிற்காது. தனி தெர்மோகப்பிள், வெப்பம் அளவு மீறினால் நிறுத்தச் சொல்லும் தனி லிமிட் கன்ட்ரோலர், மெயினை வெட்டும் ஒரு கான்டாக்டர் உங்கள் ஓவனில் இருக்கிறதா என்று நாளைக்கே பேனலைத் திறந்து பாருங்கள். இல்லையென்றால், அந்த 45,000-இல் ஒரு சிறு பங்கு போதும், முதலாளியிடம் சொல்லி முதலில் அதை வாங்கிப் பொருத்துங்கள். பிஐடி அதுவரை காத்திருக்கட்டும்.